மெதுவா ஓடுங்க சார்!

காலை நாலரை மணி. பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் ஷ்மிட் நினைவு மண்டபம் இருட்டுக்குள் மங்கலாகத் தெரிகிறது. 1930இல் கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப் போய்த் தானே மூழ்கிப்போன ஒருவரின் நினைவாக எழுந்தது அது. எதிரே தெருவிளக்கின் கீழ் இருபது இருபத்தைந்து பேர் கணுக்காலைச் சுழற்றிக்கொண்டும் முழங்காலை மடக்கி நீட்டிக்கொண்டும் நிற்கிறார்கள். பால் வண்டி ஒன்று கடந்து போகிறது. காற்று அசையவில்லை. ஓர் அடிகூட இன்னும் ஓடவில்லை. அதற்குள் எல்லார் நெற்றியிலும் வேர்வை. ஆவணி மாதத்துச் சென்னை.

ஜனவரி முதல் வாரத்தில் மாரத்தான். 42.195 கிலோமீட்டர். அதற்கு இன்னும் நாலு மாதத்துக்கு மேல் இருக்கிறது.

கூட்டத்தில் விளையாட்டு வீரர் என்று சொல்ல ஒருவர்கூட இல்லை. வங்கி மேலாளர் ஒருவர் இருக்கிறார். ஐம்பதைத் தாண்டியவர். சர்க்கரை 'பார்டரில்' இருக்கிறது என்று டாக்டர் சொன்னதும் நடக்க வந்தார். நடை எந்த மாதம் ஓட்டமானது என்பது அவருக்கே நினைவில்லை. டி-ஷர்ட்டைக்கூட இன் பண்ணிக்கொண்டுதான் ஓடுவார்.

அவருக்குப் பக்கத்தில் டீச்சர். பள்ளியில் கணக்கு எடுப்பவர். முட்டிவரை இறங்கும் பருத்திக் குர்த்தா, டிராக் பேண்ட், தோளில் இல்லாத துப்பட்டாவைச் சரிசெய்யப் போய்த் திரும்பும் கை. செவ்வாய், வியாழன் என்றால் ஆறு மணிக்குள் வீடு திரும்பி இட்லித் தட்டை அடுப்பில் ஏற்றியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எட்டு மணி வரை விலக்கு.

சற்றுத் தள்ளி, பழைய மகாபலிபுரம் சாலையில் ஏதோ ஒரு கம்பெனியில் வேலை பார்க்கும் இளைஞன். மணிக்கட்டில் கார்மின் கடிகாரம், விடியுமுன்பே தலைமேல் ஏறிய கறுப்புக் கண்ணாடி, சம்பளத்தில் கணிசமான பங்கைத் தின்றிருக்கும் ஷூ. கடைசியில், யாரோடும் ஒட்டாமல், ரயில்வேயில் ஓய்வு பெற்ற பெரியவர். வயது அறுபத்தேழு. நாலாக மடித்த கைக்குட்டை ஒன்று இடுப்பில் செருகியிருக்கும்.

கோச் வருகிறார். நல்ல உயரம், நரைத்த மீசை, பேச்சு சிக்கனம். "இன்னிக்கு எட்டு கிலோமீட்டர். எல்லாரும் பேசிக்கிட்டே ஓடணும். பேச முடியலைன்னா வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம். மெதுவா ஓடுங்க சார், மெதுவா."

ஓடச் சொல்லிக் கொடுக்க வந்தவர் வாயிலிருந்து நாலு மாதமும் அதிகம் கேட்ட சொல் இந்த 'மெதுவா'தான்.

ஊருக்கு இது புதுசு. 2006இல் சென்னை ரன்னர்ஸ் குழு தொடங்கிய காலத்தில், சாலையில் ஓடும் நடுவயதுக்காரரைப் பார்த்தால் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறார் என்றுதான் நினைப்பார்கள். இன்று அந்தக் குழுவுக்கே பேட்டைக்குப் பேட்டை கிளை. ஆனால் மெதுவாக ஓடும் யோசனைக்கு வயது அறுபதுக்கு மேல். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் ஷூ தொழிற்சாலையில் வேலை பார்த்த ஆர்தர் லிடியார்ட், தன் உடம்பையே சோதனைக் களமாக்கிக் கண்டுகொண்ட முறை அது. நிறைய தூரம், குறைந்த வேகம், பிறகே வேகப் பயிற்சி. அவரிடம் பழகியவர்கள் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கினார்கள். அதே முறையை இதய நோயிலிருந்து மீண்ட நடுவயதுக்காரர்களிடமும் கொடுத்துப் பார்த்தார். 1962இல் அங்கே அமெரிக்கப் பயிற்சியாளர் பில் போவர்மேன் விருந்தாளியாகப் போனார். கூட ஓடியபோது, தன்னைவிட மூத்த ஒருவர் அலட்டிக்கொள்ளாமல் தன்னைத் தாண்டிப் போவதைக் கண்டு திகைத்தார். ஊர் திரும்பி ஜாகிங்கை அமெரிக்காவில் பரப்பினார். அந்தச் சங்கிலியின் ஒரு கண்ணி பெசன்ட் நகர் தெருவிளக்கின் கீழே நிற்கிறது.

கிளம்புகிறார்கள். கோச்சின் சொல்லைக் கேட்டு அப்படியே நடப்பவர் டீச்சர் ஒருவர்தான். பக்கத்தில் ஒரு தோழி. அரையாண்டுத் தேர்வு, மாமியாரின் கண் ஆபரேஷன், சமையல் எரிவாயு விலை என்று பேச்சு அறுபடாமல் போகிறது. கிலோமீட்டருக்கு எட்டு நிமிடம். முதல் கிலோமீட்டரிலும் அதுதான், கடைசியிலும் அதுதான். இளைஞன் முதல் முந்நூறு மீட்டரிலேயே கண்ணுக்கு மறைந்துவிடுகிறான். திரும்பி வரும்போது முகம் சிவந்து, கை இடுப்பில், பேச்சு இல்லை. கடிகாரத்தைத் தட்டி நிறுத்தி, அது காட்டும் எண்ணைப் படம் எடுத்துக்கொள்கிறான். கோச் பார்க்கிறார். ஒன்றும் சொல்லவில்லை.

பெண்ணின் உடம்பு மாரத்தானைத் தாங்காது என்று நெடுங்காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1967இல் பாஸ்டனில் காத்ரின் ஸ்விட்சர் ஓடிக்கொண்டிருந்தபோது, போட்டி அதிகாரி ஒருவர் பாய்ந்து வந்து அவர் உடையிலிருந்த 261ஆம் எண்ணைப் பிய்க்கப் பார்த்தார். ஒலிம்பிக்கில் பெண்கள் மாரத்தான் வந்ததே 1984இல்தான். இப்போது ஆய்வுகள் வேறு கதை சொல்கின்றன. நெடுகச் சீரான வேகத்தில் ஓடுவதில் ஆண்களைவிடப் பெண்களே தேர்ந்தவர்கள். முன்பாதியில் வீராப்புக் காட்டிப் பின்பாதியில் தள்ளாடுபவர்களில் ஆண்களே அதிகம். டீச்சருக்கு இந்த ஆய்வெல்லாம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. மாதச் சம்பளத்தையும் சமையல் சிலிண்டரையும் கடைசி நாள் வரை இழுத்துக்கொண்டு வந்து பழகியவர்.

ஓட்டம் முடிந்து கரைச் சுவரில் உட்காரும்போது மெதுவாக ஓடுவதற்கு மேலாளர் ஒரு கணக்கு சொல்வார். "சார், உடம்புல ரெண்டு அக்கவுண்ட் இருக்கு. சர்க்கரை சேவிங்ஸ் அக்கவுண்ட். எப்ப வேணா எடுக்கலாம், ஆனா பேலன்ஸ் கம்மி. கொழுப்பு ஃபிக்சட் டெபாசிட். நிறைய இருக்கு, ஆனா அவசரத்துக்கு உடைக்க முடியாது. மெதுவா போனா வட்டியில காலம் தள்ளலாம். வேகமா போனா சேவிங்ஸ் காலி. அப்புறம் முப்பதாவது கிலோமீட்டர்ல கடன் கேக்கணும். யாரு குடுப்பா?"

சுற்றி இருப்பவர்கள் சிரிக்கிறார்கள். அவர் சொல்வது முழுக்கச் சரி. தசையிலும் ஈரலிலுமாக நாம் சேர்த்து வைக்கும் சர்க்கரை, அதாவது கிளைகோஜன், ஏறக்குறைய 500 கிராம். அதிலிருந்து கிடைப்பது சுமார் 2,000 கலோரி. எழுபது கிலோ எடையுள்ளவருக்குக் கிலோமீட்டருக்கு எழுபது கலோரி செலவாகும் என்று வைத்துக்கொண்டால், முப்பதைத் தொடும்போது பெட்டி காலி. ஓட்டக்காரர்கள் 'வால்' என்று சொல்லிப் பயப்படும் சுவர் அங்கேதான் எழும்புகிறது. கால் ஈயமாகிவிடும், கணக்குப் போடத் தெரிந்தவருக்குக்கூட மிச்சம் எத்தனை கிலோமீட்டர் என்று கழித்துப் பார்க்க வராது.

புரட்டாசி பிறந்தது. தூரம் பன்னிரண்டாகி, பதினாறாகி, பதினெட்டாயிற்று. அடையாற்றைத் தாண்டி, பட்டினப்பாக்கம் வழியாக லூப் ரோடு. படகுகள் கரை ஏறியிருக்கும் நேரம். வலையிலிருந்து மீனை உதறிக்கொண்டே ஓர் அம்மா கேட்கிறார்: "இன்னாத்துக்கு சார் இப்புடி ஓடுறீங்கோ? எவன் தொரத்தினு வரான்?"

மேலாளர் மூச்சு வாங்கிக்கொண்டே, "சுகர் தொரத்துதும்மா" என்கிறார்.

"அப்ப மத்தி வாங்கினு போ சார், ஓடாமயே கொறையும்."

இந்தப் பேச்சில் கேலி பாதி, உண்மை பாதி. விடியுமுன் எழுந்து, அலையைத் தள்ளிப் படகேறி, கரை திரும்பிக் கூடை சுமப்பவர்கள் யாரும் மாரத்தானுக்குப் பெயர் கொடுப்பதில்லை. ஆரஞ்சு நிற மேலங்கியோடு கடற்கரைச் சாலையைப் பெருக்கும் மாநகராட்சிப் பெண்ணும் நாள் முழுக்க நடந்துகொண்டேதான் இருக்கிறார். நாற்காலியில் உட்கார்ந்து சம்பாதிப்பவர்களுக்குத்தான் இந்த ஓட்டம் வேண்டியிருக்கிறது. ரயில்வேப் பெரியவருக்கு இது தெரியும் போலிருக்கிறது. துடைப்பத்தோடு நிற்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் கடந்து போகிறார்.

சாந்தோம் பக்கம் நாய்கள் தொல்லை. குரைத்துக்கொண்டு நாலைந்து வந்தால், புதியவர்கள் வேகத்தைக் கூட்டுகிறார்கள், நாய்களும் கூட்டுகின்றன. பழகியவர்கள் ஓட்டத்தை நிறுத்தி, கையைத் தொங்கவிட்டு, வேறெங்கோ பார்த்தபடி நடக்கிறார்கள். நாய்களுக்கு ஆர்வம் போய்விடுகிறது. கோச் சொல்லித் தராத பாடம் இது.

ஐப்பசியில் இளைஞன் காணாமல் போனான். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வலி. வாரத்துக்கு வாரம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டிய தூரத்தை அவன் ஒரே மாதத்தில் இரட்டிப்பாக்கியிருந்தான். நுரையீரலும் இதயமும் சில வாரங்களிலேயே பழகிக்கொள்ளும். எலும்பும் தசைநாரும் மாதக் கணக்கில் அவகாசம் கேட்கும். மூச்சு 'போ' என்கிறது, எலும்பு 'பொறு' என்கிறது. இருபத்தாறு வயதில் யார் எலும்பின் பேச்சைக் கேட்கிறார்கள்? மூன்று ஞாயிறு கழித்து வந்தான். ஓடவில்லை. எல்லாருடைய தண்ணீர்ப் பாட்டிலுக்கும் காவலாக மண்டபத்தருகே உட்கார்ந்திருந்தான். டீச்சர் அவனிடம் கடலைமிட்டாய்ப் பொட்டலத்தைக் கொடுத்து, "தம்பி, கடிகாரத்த ஒரு மாசம் வீட்டுல வச்சிட்டு வாயேன்" என்றார். அடுத்த வாரம் மணிக்கட்டில் வெள்ளைத் தடம் மட்டும் இருந்தது. டீச்சரின் பின்னால், அவர் வேகத்தில், மாமியாரின் கண் ஆபரேஷன் கதையைக் கேட்டபடி ஓடிக்கொண்டிருந்தான்.

கார்த்திகை மழை கோச்சின் அட்டவணையைக் கலைத்துப் போட்டது. ஒரு ஞாயிறு சாலை முழுக்கத் தண்ணீர். மூடியில்லாத குழி எங்கே என்று தெரியாது. யாரும் வர வேண்டாம் என்று வாட்ஸ்அப்பில் செய்தி. அப்படியும் மூன்று பேர் வந்து மண்டபத்தருகே மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஓடாமல் திரும்பிப் போனார்கள். அதற்கும் ஒரு பழக்கம் வேண்டியிருக்கிறது.

மழை விட்ட ஞாயிறு, முப்பத்திரண்டு கிலோமீட்டர். பயிற்சியிலேயே மிக நீண்டது. மூன்றரை மணிக்கே கிளம்பிவிட்டார்கள். நேப்பியர் பாலம், உழைப்பாளர் சிலை, கலங்கரை விளக்கம், மீண்டும் பாலம் என்று போக்கும் வரவுமாக ஓட்டம். ஏழு மணிக்கு வெயில் முகத்தில் அடித்தது. சட்டைகளில் உப்பு வெள்ளைக் கோடாகப் படிந்திருந்தது. சென்னையின் ஈரக்காற்றில் வேர்வை ஆவியாவதில்லை, வழிந்து வீணாகிறது. உடம்பு குளிரவில்லை என்று இதயம் இன்னும் வேகமாக அடித்துக்கொள்கிறது. குளிர்நாட்டுக்காரர் எழுதிய வேகக் கணக்கை இங்கே அப்படியே கொண்டுவந்து ஓடினால் ஆள் விழுவது நிச்சயம்.

வழியில் ஒரு ஸ்கூட்டர். அதில் தண்ணீர்க் கேன், எலுமிச்சை, உப்பு, பேரீச்சம்பழம். மேலாளர் மடக் மடக்கென்று குடித்துக்கொண்டே இருக்க, கோச் தம்ளரைப் பிடுங்காத குறை. "தாகத்துக்குக் குடிங்க சார், பயத்துக்குக் குடிக்காதீங்க." தண்ணீரிலும் நிதானம் உண்டு. 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில், 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் அளவுக்குக் கீழே இறங்கியிருந்தது. ஓட்டத்தின்போது அளவுக்கு மீறிக் குடித்து எடை கூடியவர்கள்தான் அவர்களில் பெரும்பகுதி.

மார்கழி வந்ததும் தூரம் குறைந்தது. ஓட்டக்காரர்கள் பேச்சில் 'டேப்பர்'. போட்டிக்கு முந்தைய இரண்டு மூன்று வாரம் ஓட்டத்தைப் பாதிக்குப் பாதி குறைத்து, களைத்த தசைக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். முப்பத்திரண்டு ஓடியபோது முணுமுணுக்காதவர்கள், பத்தோடு நிறுத்து என்றதும் தவித்துப் போனார்கள். இல்லாத வலியெல்லாம் வந்தது. தும்மினால் காய்ச்சலோ என்று பயம். கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை. உள்தெருக்களில் வாசல்தோறும் நனைந்த கோலம். ஒருவர் விடாமல் எல்லாரும் கோலத்தைச் சுற்றிக்கொண்டுதான் ஓடினார்கள். ஒரு வீட்டுப் பாட்டி கோலப்பொடிக் கிண்ணத்தோடு நிமிர்ந்து, "மெதுவா போங்கப்பா" என்றார். கோச் சிரித்ததைப் பார்த்தது அன்றுதான்.

போட்டி நாள். நேப்பியர் பாலத்தருகே இருட்டில் ஆயிரக்கணக்கான பேர். நெஞ்சில் பிப் எண், உராயும் இடங்களில் வாசலின், கையில் வாழைப்பழம். பேசர்கள் நேரம் எழுதிய கொடியோடு நிற்கிறார்கள். ஐந்து மணி நேரத்தில் முடிக்க விரும்புபவர் ஐந்து மணிக் கொடியின் பின்னால் போக வேண்டும். இவர்கள் பேச்சில் அது 'பஸ்'. டீச்சரும் இளைஞனும் ஐந்தரை மணி பஸ்ஸில். மேலாளரும் அதில்தான் ஏறியிருக்க வேண்டும். ஆனால் மேளம் அடிக்கிறது, விளக்கு மின்னுகிறது, ஒலிபெருக்கி அழைக்கிறது. கூட்டத்தோடு அவரும் பாய்ந்துவிட்டார்.

இந்தத் தூரத்துக்கே ஒரு வரலாறு. 1896இல் ஏதென்ஸில் சுமார் 40 கிலோமீட்டர்தான். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் வின்ட்சர் கோட்டையில் தொடங்கி, மைதானத்தில் அரச குடும்பத்தார் அமர்ந்திருந்த இடத்துக்கு எதிரே முடிந்த ஓட்டம்தான் 42.195. 1921இல் அதுவே நிலைத்தது. அந்த லண்டன் ஓட்டத்தில் மைதானத்துக்குள் முதலில் நுழைந்தவர் இத்தாலிய மிட்டாய்க் கடைத் தொழிலாளி டொராண்டோ பியெட்ரி. கடைசிக் கட்டத்தில் வேகத்தை முடுக்கி முன்னுக்கு வந்தவருக்கு உள்ளே வந்ததும் திசை தெரியவில்லை. விழுந்தார், எழுந்தார், மீண்டும் விழுந்தார். அதிகாரிகள் தாங்கிப் பிடித்ததால் பரிசு பறிபோயிற்று. இன்னொரு முனையில் கென்யாவின் கெல்வின் கிப்டம். 2023 அக்டோபரில் சிகாகோவில் 2:00:35 நேரத்தில் முடித்து உலக சாதனை படைத்தபோது, அவருடைய முதல் பாதி 60 நிமிடம் 48 விநாடி. இரண்டாம் பாதி 59 நிமிடம் 47 விநாடி. அந்த வேகத்தில் ஓடியவர்கூடப் பின்பாதிக்கு மிச்சம் வைத்துத்தான் ஓடினார்.

35ஆவது கிலோமீட்டர்ப் பலகை. வெயில் ஏறிவிட்டது. மேலாளர் சாலை நடுவிலுள்ள தடுப்பில் உட்கார்ந்திருக்கிறார். சேவிங்ஸ் அக்கவுண்ட் காலி. நாலு மாதம் எல்லாருக்கும் வகுப்பெடுத்தவர் கணக்கை மறந்தது முதல் பத்து கிலோமீட்டரில். பின்னாலிருந்து ஐந்தரை மணி பஸ் வருகிறது. டீச்சர் நிற்கவில்லை, வேகம் குறையாமல் கையை மட்டும் நீட்டி, "எந்திரிங்க சார், நடந்தே வாங்க" என்கிறார். இளைஞன் தன் பாட்டிலைத் தடுப்பின் மேல் வைத்துவிட்டுப் போகிறான். மேலாளர் எழுந்து நடக்கிறார். கடைசி வரை நடந்தே முடித்தார்.

ரயில்வேப் பெரியவரைக் காணோம். முப்பதிலேயே முழங்கால் முணுமுணுத்ததாம். மருத்துவ உதவிக் கூடாரத்தில் உட்கார்ந்து, பிப் எண்ணைத் தானே கழற்றி மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டாராம். "இன்னும் பன்னெண்டுதான சார், தள்ளிடலாமே" என்றார்களாம் தொண்டர்கள். "அடுத்த ஜனவரி வராமலா போயிடும்?" என்றாராம். அன்றைக்கு அந்தச் சாலையில் எடுத்த முடிவுகளில் இதைவிடத் திடமானதைச் சொல்வது கஷ்டம்.

அடுத்த ஞாயிறு யாரும் ஓடவில்லை. கரைச் சுவரில் வரிசையாகக் காபி. சிலர் மாடிப்படியைப் பின்பக்கமாக இறங்கிய கதை சொல்கிறார்கள். இருவருக்குக் கால்விரல் நகம் கறுத்திருக்கிறது. "ஆபீஸ்ல எல்லாரும் கேக்கறாங்க சார், என்ன ப்ரைஸ் வாங்கினன்னு" என்கிறார் மேலாளர். டீச்சர் பள்ளிக்கு மெடலைக் கொண்டுபோனாராம். பிள்ளைகள் கேட்ட முதல் கேள்வி: "எத்தனாவது ரேங்க் மிஸ்?" ஆயிரத்துச் சொச்சம் என்றதும் வகுப்பே சிரித்திருக்கிறது. கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் மட்டும் சிரிக்காமல், "அப்பவும் மெடல் குடுப்பாங்களா மிஸ்?" என்று கேட்டானாம். "முடிச்சா குடுப்பாங்கடா" என்றாராம் டீச்சர்.

இளைஞன் கடிகாரத்தை மறுபடி கட்டியிருக்கிறான். ஆனால் நேரம் எவ்வளவு என்று கேட்டவர்களிடம், பின்பாதியில் முன்பாதியைவிட இரண்டே நிமிடம்தான் கூடுதல் என்பதைத்தான் முதலில் சொன்னான்.

ரேங்க் கேட்டே வளர்ந்த ஊர் நம்முடையது. முதல் மூன்று பேருக்குத்தான் மேடை. ஆயிரத்துக்கு அப்பால் வருபவர்களை எண்ணி, பெயர் பதிந்து, காத்திருந்து மெடல் போடும் விளையாட்டு இங்கே இது ஒன்றுதான் இருக்கும். அதற்காகவே இதை மதிக்கலாம்.

வரும் ஜனவரியில் ஒரு ஞாயிறு காலை, போலீஸ்காரர் தடுப்பு வைத்து உங்கள் வண்டியை நிறுத்தக்கூடும். ஹாரனிலிருந்து கையை எடுத்துவிட்டு இறங்கி நில்லுங்கள். முன்னால் பறப்பவர்களுக்குக் கைதட்ட ஆள் இருக்கிறது. எட்டு மணிக்கு மேல், தார் கொதிக்கும்போது, சட்டையில் உப்புக் கோட்டோடு நடந்தும் ஓடியும் சிலர் வருவார்கள். அவர்களுக்குத் தட்டுங்கள்.